துண்டுபட்ட காடுகளும் அந்நியச் செடிகளும்

காட்டைக் காப்பது வன இலாகாவின் வேலை, கழனியைக் காப்பது குடியானவரின் வேலை என்று பிரித்துப் பேசுவது ஜனங்களிடையே நெடுநாளைய வழக்கம். கிராம வரைபடத்தைப் பொறுத்தமட்டில் இந்தப் பிரிவினை சரியானதே. ஆனால் ஆந்தையும் நரியும் கீரியும் எல்லைக்கல்லைப் பார்த்து நடமாடுவதில்லை. வாய்க்காலில் மிதந்து வரும் களைவிதையும் பட்டா நிலம் எது, புறம்போக்கு எது என்று கேட்பதில்லை. காடு கெட்டால் கழனிக்கு என்ன நேரும், கழனி மறைந்தால் காட்டுக்கு என்ன நேரும் என்பதை நிலமுடையோரும் கிராம அதிகாரிகளும் தெளிவாக அறிந்திருத்தல் அவசியம். தாம்பரத்துக்கும் சென்னைக்கும் இடைப்பட்ட கோவிலம்பாக்கத்தின் சுற்றுப்புறம் இவ்விஷயத்தில் ஒரு நல்ல பாடமாக அமைந்திருக்கிறது.

கோவிலம்பாக்கத்தின் நிலை

கோவிலம்பாக்கத்துக்குத் தெற்கில் நன்மங்கலம் காப்புக்காடு உளது. அதன் பரப்பு சுமார் 320 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய 790 ஏக்கர். கிழக்கில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் பரந்திருக்கிறது. இவ்விரண்டுக்கும் இடையே முற்காலத்தில் நன்செய்யும் புன்செய்யும், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் முதலிய ஏரிகளும், அவற்றை இணைக்கும் வாய்க்கால்களும், பனை வரிசைகளும், மேய்ச்சல் தரைகளும் இருந்தன. ஓர் ஏரியின் கலங்கல் வழிந்து மற்றோர் ஏரியை நிரப்பி, முடிவில் மிகுதி நீர் சதுப்பு நிலத்தை அடையும்படி முன்னோர் அமைத்திருந்தனர். சதுப்பு நிலத்துக்கு நீர் வடியும் பிரதேசம் சுமார் 250 சதுர கிலோமீட்டர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

இந்த ஏரிக்கரைகளும் வாய்க்கால் ஓரங்களும் வரப்புகளும் வேலிகளுமே காட்டு ஜீவன்களுக்குப் பாதையாக உதவின. ஓரிடத்தில் இரை குறைந்தால் அவை மற்றோரிடத்துக்குச் சென்றன. இனப்பெருக்கத்துக்குத் துணை தேடிச் சென்றதும் இவ்வழியாகவே. குடியானவர் எவரும் இதை உத்தேசித்து வேலி வைக்கவில்லை. தம் பயிருக்கும் மாட்டுக்கும் வேண்டியதைச் செய்தார்கள். அதன் பயன் காட்டுக்கும் கிடைத்தது.

பின்னர் நகரம் தெற்கு நோக்கி வளர்ந்தது. வயல்கள் மனைகளாயின. பல்லாவரத்திலிருந்து துரைப்பாக்கம் செல்லும் 200 அடிச் சாலை சதுப்பு நிலத்தைக் குறுக்கே வெட்டிச் செல்கிறது. சதுப்பின் ஒரு பகுதியில் நகரத்துக் குப்பை மலைபோல் குவிக்கப்பட்டது. நன்மங்கலம் காடு நான்கு புறமும் வீடுகளாலும் சாலைகளாலும் சூழப்பட்டு, கடல் நடுவே தீவுபோல் ஆகிவிட்டது. அங்கே கைவிடப்பட்ட கருங்கல் குவாரியின் செங்குத்தான பாறைச் சுவர்களில் கொம்பன் ஆந்தை கூடுகட்டி வாழ்வதைப் பறவையறிஞர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். எலிகளைத் தின்று வாழும் அப்பறவைக்கு இரை கிடைத்த இடம் சுற்றிலுமிருந்த வயல்களும் புதர்வெளிகளுமே. வயல் போனபின் காடு மட்டும் இருந்து அதற்கு எவ்வளவு காலம் உணவளிக்க முடியும் என்பது யோசிக்கத்தக்க விஷயம்.

காடு துண்டுபடுவதன் விளைவு

1,000 ஏக்கர் காட்டில் 500 ஏக்கரை எடுத்துவிட்டால், மீதி 500 ஏக்கரில் பாதி ஜீவன்களாவது குறைவின்றி வாழுமென்று சாதாரணமாக எண்ணத் தோன்றும். அநுபவம் அவ்வாறில்லை. காட்டின் ஓரம் வெயிலுக்கும் வறட்காற்றுக்கும் நெருப்புக்கும் மாட்டுக்கும் களைக்கும் இலக்காகிறது. காடு சிறுக்கச் சிறுக்க, உட்பகுதி குறைந்து ஓரமே மிகுதியாகிறது. எஞ்சிய ஜீவன்களும் வெளியிலிருந்து துணை வர வழியின்றித் தம்முள்ளேயே கலந்து நலிகின்றன. ஒரு வறட்சியோ நோயோ வந்து ஓர் இனம் அழிந்தால், அவ்விடத்தை நிரப்ப மற்றோரிடத்திலிருந்து வருவதற்குப் பாதையில்லை.

பிரேஸில் தேசத்தில் மனௌஸ் நகருக்கு அருகில் 1979-ம் வருஷம் முதல் இதைப்பற்றிப் பெரியதோர் ஆராய்ச்சி நடந்து வருகிறது. மாட்டுப் பண்ணைகளுக்காகக் காட்டை அழித்தபோது 1 ஹெக்டேர், 10 ஹெக்டேர், 100 ஹெக்டேர் அளவுள்ள துண்டுகளை வேண்டுமென்றே விட்டுவைத்து, அவற்றில் நிகழ்வதை வருஷந்தோறும் குறித்து வந்தார்கள். ஓரங்களில் நின்ற பெருமரங்கள் காற்றுக்கும் வறட்சிக்கும் ஆற்றாது மடிந்தன. 100 ஹெக்டேர்த் துண்டுகளிலேயே, காட்டின் அடித்தளத்தில் வாழும் பறவையினங்களில் பாதி 15 வருஷத்துக்குள் மறைந்தன. ஆனால் இடையிலிருந்த மேய்ச்சல் நிலங்கள் கைவிடப்பட்டு அங்கே புதர்களும் இளமரங்களும் வளர்ந்தபோது, மறைந்த பறவைகளில் பல திரும்பி வந்தன. துண்டுகளுக்கு இடைப்பட்ட நிலம் எந்த நிலையிலிருக்கிறது என்பதைப் பொறுத்தே துண்டுகளின் கதி அமைகிறது என்பது இதனால் விளங்கும். அந்த இடைநிலம் இத்தேசத்தில் பெரும்பாலும் குடியானவரின் பட்டா நிலமாகவே இருக்கிறது.

அவ்வளவு தூரம் போகாமல் கிண்டியிலேயே இதைக் காணலாம். 1910-ம் வருஷத்தில் கிண்டிக் காடு காப்புக்காடாக அறிவிக்கப்பட்டபோது அதன் பரப்பு 505 ஹெக்டேர். பிற்காலத்தில் கல்வி ஸ்தாபனங்களுக்கும் பிறவற்றுக்குமாகப் பல பகுதிகள் பிரிந்து சென்றன. 1978-ம் வருஷத்தில் தேசியப் பூங்காவாக ஆக்கப்பட்டபோது எஞ்சியது சுமார் 270 ஹெக்டேர். அங்கே வாழும் வெளிமான், பெயருக்கேற்பக் குறும்புல் நிறைந்த வெட்டவெளியை விரும்புவது. பின்னாளில் கொண்டுவந்து விடப்பட்ட புள்ளிமானோ புதர் நிழலிலும் செழிக்கும் இயல்பினது. வெட்டவெளிகளில் மரமும் புதரும் நெருங்க நெருங்க, வெளிமானுக்கு இடம் சுருங்குகிறது. மதில் சூழ்ந்த இடமாதலால் வேறெங்கும் போகவும் இயலாது. காடு பசுமையாக இருப்பதாலேயே அதிலுள்ள எல்லா ஜீவன்களும் சுகமாக இருக்கின்றன என்று முடிவு கட்டலாகாது என்பதற்கு இஃது ஓர் அத்தாட்சி.

அந்நியச் செடிகளின் ஆதிக்கம்

துண்டுபட்ட காட்டை முதலில் பற்றுவன அந்நியச் செடிகள். தம் தாயகத்தில் அவற்றைத் தின்று அடக்கும் பூச்சிகளும் நோய்களும் இங்கே இல்லாமையால் அவை தடையின்றிப் பெருகுகின்றன. இவ்வுண்மை குடியானவர்களுக்குப் புதிதன்று. 2008-ம் வருஷத்தில் கோயம்புத்தூர்ப் பக்கத்தில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளியையும் மரவள்ளியையும் மல்பெரியையும் எவ்வாறு பாழாக்கிற்று என்பதைப் பலர் கண்கூடாகக் கண்டனர். 2010-ம் வருஷத்தில் அதன் இயற்கைப் பகையான ஒட்டுண்ணிக் குளவிகள் போர்டோரிக்கோவிலிருந்து தருவிக்கப்பட்டு வயல்களில் விடப்பட்ட பின்னரே அது அடங்கிற்று. அந்நியச் செடிகளின் விஷயமும் இத்தகையதே. ஆனால் அவை மெதுவாகப் பரவுவதால் நஷ்டம் உடனே கண்ணுக்குத் தெரிவதில்லை.

இவற்றுள் முதன்மையானது வேலிக்காத்தான் என்னும் சீமைக் கருவேலம். அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த இம்மரத்தின் விதைகள் 1877-ம் வருஷத்தில் ஜமைக்கா தீவிலிருந்து அக்காலத்துச் சென்னை ராஜதானிக்குத் தருவிக்கப்பட்டன. வறண்ட நிலத்தில் விறகு கிடைக்க வேண்டும் என்பதே நோக்கம். அந்த நோக்கம் நிறைவேறிற்று என்பதை மறுப்பதற்கில்லை. இன்றும் பல ஏழைக் குடும்பங்கள் அதன் விறகையும் கரியையும் நம்பி ஜீவிக்கின்றன. ஆனால் மரம் வைத்த இடத்தில் நிற்கவில்லை. ஆடுமாடுகள் அதன் இனிப்பான காய்களைத் தின்று சாணத்தின் வழியாக விதைகளை எங்கும் பரப்பின. ஏரி உள்வாய், வாய்க்கால், தரிசு, காட்டு ஓரம் எங்கும் அது அடர்ந்தது. அதன் அடியில் புல்லும் நாட்டுச் செடிகளும் தலையெடுப்பதில்லை.

இம்மரம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி மழையைத் தடுக்கிறது என்று கிராமங்களில் ஒரு பேச்சு உண்டு. அதற்குச் சாஸ்திர ஆதாரம் கிடையாது. ஆழமாக வேரூன்றி, கோடையிலும் இலையுதிராமல் நின்று மண்ணின் நீரைச் செலவிடுகிறது என்பதும், நீர்வழிகளை அடைக்கிறது என்பதுமே அதை அகற்றப் போதிய காரணங்களாகும்.

நாட்டுக் கருவேலத்தைச் சீமைக் கருவேலமென்று மயங்கி வெட்டிவிடுதல் அடிக்கடி நேரும் பிழை. நாட்டுக் கருவேலத்தின் பூ மஞ்சள் நிறமான சிறு உருண்டை. காய் மணிமாலைபோல் விதைக்கு விதை இடுங்கியிருக்கும். சீமைக் கருவேலத்தின் பூ நீண்ட கதிராகத் தொங்கும். காய் இடுங்காமல் நீண்டு, பழுத்தால் வெளிர்மஞ்சளாக இருக்கும். இந்த வேற்றுமையைக் கூலியாட்களுக்குக் காட்டிய பின்னரே வேலையைத் தொடங்குதல் நலம்.

அடுத்தது உண்ணிச்செடி. 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுச் செடியாகக் கல்கத்தாவுக்குக் கொண்டுவரப்பட்ட இது, இன்று முதுமலை போன்ற மலையடிவாரக் காடுகளில் புல்வெளிகளை மூடிக்கொண்டிருக்கிறது. புல் மறைந்தால் மானுக்கும் யானைக்கும் தீனி குறையும். தீனி குறைந்த யானை பயிரை நாடும். இதன் இலையை மேயும் மாடுகளுக்குக் காமாலையும் வெயில் பட்ட இடத்தில் தோல் புண்ணும் உண்டாகும். நீலகிரிப் பக்கத்தில் பழங்குடி மக்கள் இதன் தண்டுகளை வேகவைத்து மரச்சாமான்களும் ஆளுயர யானை உருவங்களும் செய்து கூலி பெறுகிறார்கள். களையை அகற்றுவதில் ஒரு ஜீவனோபாயமும் அடங்கியிருக்கக்கூடும் என்பதற்கு இஃது உதாரணம்.

நீர்நிலைகளில் ஆகாயத்தாமரை என்றும் வெங்காயத்தாமரை என்றும் வழங்கும் மிதவைச் செடி பரவியிருக்கிறது. தென்னமெரிக்காவைச் சேர்ந்த இது, கழிவுநீர் கலந்த ஏரிகளில் ஏறக்குறைய இரண்டு வாரத்தில் இருமடங்காகப் பெருகவல்லது. நீர்ப்பரப்பை மூடி, மீனுக்கு வேண்டிய காற்றையும் ஒளியையும் தடுக்கிறது. திறந்த நீரில் இரைதேடும் கூழைக்கடாவுக்கும் வாத்தினங்களுக்கும் அங்கே இடமில்லாமற் போகிறது. மதகில் அடைத்துக்கொண்டால் கரைக்கே அபாயம்.

குடியானவருக்கு நேரும் நஷ்டம்

காட்டு ஜீவன்கள் குறைந்தால் பயிருக்கு நன்மைதானே என்று சிலர் கருதலாம். குறைவது எது, மிகுவது எது என்பதைக் கவனித்தால் இக்கருத்து மாறும். ஆந்தை, கூகை, நரி, காட்டுப்பூனை, சாரைப்பாம்பு ஆகியவை எலியைத் தின்பவை. காடு துண்டுபட்டால் முதலில் மறைவன இவையே. எலியோ வீட்டையும் வயலையும் அண்டிப் பெருகும். காட்டுப்பன்றியும் மயிலும் அவ்வாறே மனிதர் நடுவில் வாழக் கற்றுக்கொண்டவை. பல ஜில்லாக்களில் பன்றிக் கூட்டங்கள் பகலெல்லாம் பதுங்கியிருப்பது சீமைக் கருவேலப் புதரிலேதான். ஆகவே களை அடர்ந்த தரிசை அப்படியே விட்டுவைப்பவர், பயிரைத் தின்னும் பிராணிக்குத் தாமே கொட்டகை போட்டுக் கொடுத்தவராகிறார்.

வெள்ளத்தின் நஷ்டம் இதனினும் பெரிது. 2015-ம் வருஷம் டிசம்பர் மாதம் 2-ந் தேதி காலையில் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அவ்வளவு நீரையும் தாங்கிச் சதுப்பு நிலத்துக்கு அனுப்ப வேண்டிய ஏரிகளும் வாய்க்கால்களும் குறுகியும் தூர்ந்தும் களை மண்டியும் கிடந்தன. தென்புறத்து ஊர்கள் பல நாட்கணக்கில் நீரில் நின்றன. 2023-ம் வருஷம் டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பகுதிகளில் அதே நிலைமை ஏற்பட்டது. நீர்ப்பறவை இறங்கும் இடம் எதுவோ அதுவே மழைநீர் தங்கும் இடமும் ஆகும். ஒன்றை இழந்தவர் மற்றொன்றையும் இழந்தனர். பள்ளிக்கரணையின் ஒரு பகுதி 2007-ம் வருஷத்தில் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022-ம் வருஷத்தில் 1,247.5 ஹெக்டேர் பரப்பு ராம்சார் உடன்படிக்கையின்கீழ்ச் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாகச் சேர்க்கப்பட்டது. பல ஆயிரம் ஏக்கர் போனபின்னர் வந்த பாதுகாப்பு இது.

வழிகாட்டும் இரண்டு ஊர்கள்

நிலமுடையோர் ஒத்துழைத்தால் நிலைமையைத் திருத்த முடியும் என்பதற்கு இதே செங்கற்பட்டுச் சீமையில் பழைய உதாரணம் உண்டு. வேடந்தாங்கல் ஏரியில் கூடுகட்டும் பறவைகளை வேட்டையாடாதிருக்கும்படி அவ்வூரார் முறையிட, 1798-ம் வருஷத்தில் அப்போதைய கலெக்டர் லயனல் பிளேஸ் அவர்களுக்கு அதற்கான உரிமைச் சாஸனம் அளித்தார். 1936-ம் வருஷத்தில் அது பறவைச் சரணாலயமாக அங்கீகரிக்கப்பட்டது. ஏரியின் பரப்பு சுமார் 30 ஹெக்டேர்தான். பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரநீராகிறது என்பதை அவ்வூர்க் குடியானவர்கள் அநுபவத்தில் அறிந்திருந்தார்கள். பறவைகளோ இரைக்காகச் சுற்றுப்புறத்து ஏரிகளையும் வயல்களையும் நம்பியிருக்கின்றன. ஏரி ஒன்றைக் காத்து, சுற்றுப்புறத்து நன்செய்யை எல்லாம் மனையாக்கினால் வேடந்தாங்கலும் நிலைக்காது.

மற்றொன்று ஆனைமலையிலுள்ள வால்பாறை. மழைக்காடு அழிக்கப்பட்டுத் தேயிலையும் காப்பியும் பயிரான சுமார் 220 சதுர கிலோமீட்டர் பீடபூமி அது. இடையிடையே சிறு காட்டுத் துண்டுகள் எஞ்சியிருக்கின்றன. அவற்றில் சுமார் 90 ஹெக்டேர் அளவுள்ள புதுத்தோட்டம் துண்டில் சிங்கவால் குரங்குகள் வாழ்கின்றன. மரத்துக்கு மரம் தாவிச் செல்லும் அக்குரங்குகள் மரம் இல்லாத இடத்தில் தரையிலிறங்கிச் சாலையைக் கடந்தபோது வண்டிகளில் அடிபட்டன. அதனால் சாலைக்கு மேலே மரங்களை இணைத்துப் பாலம்போல் பட்டைகள் கட்டப்பட்டன. தோட்ட முதலாளிகளின் சம்மதத்துடன் அந்நியக் களைகள் அகற்றப்பட்டு நாட்டு மரக்கன்றுகள் நடப்பட்டு வருகின்றன. காப்பிக்கு நிழலாக நாட்டு மரங்கள் விடப்பட்ட தோட்டங்களில் இருவாட்சிப் பறவைகள் வந்து பழம் தின்கின்றன. இம்முயற்சியால் தோட்டம் தோட்டமாகவே இருந்து வருகிறது; விளைச்சல் நிலம் எதையும் முதலாளிகள் கைவிட நேரவில்லை.

குடியானவர்கள் செய்யத்தக்கவை

1. சீமைக் கருவேலத்தைத் தரைமட்டத்தில் வெட்டுவதால் பயனில்லை. ஒன்றுக்குப் பத்தாகத் துளிர்க்கும். தூரைச் சுற்றிப் பறித்து, தரைக்கு ஓர் அடி ஆழத்தில் வேரை அறுத்துத் தூருடன் எடுக்க வேண்டும். காய் முற்றி உதிர்வதற்கு முன்னர் இவ்வேலையை முடித்தல் உத்தமம். உதிர்ந்த விதை மண்ணில் பல வருஷம் உயிரோடிருக்கும். ஆகையால் குறைந்தது மூன்று வருஷமாவது மழைக்குப்பின் நாற்றுகளைப் பிடுங்கி வரவேண்டும்.

2. காய்களை மாட்டுக்குக் கொடுக்க விரும்புவோர், விதை உடையும்படி அரைத்தே கொடுக்க வேண்டும். காய் தின்ற மாட்டின் சாணத்தை மக்கவிடாமல் வயலில் இடலாகாது.

3. ஒரே வருஷத்தில் நிலம் முழுவதையும் மொட்டையடிக்காமல், பகுதி பகுதியாக அகற்றுதல் நலம். சில ஏரிகளில் நாரைகளும் கொக்குகளும் அம்மரங்களிலேயே கூடுகட்டியிருக்கும். அங்கே குஞ்சுகள் பறந்தபின் வேலையைத் தொடங்கி, முன்னதாக நாட்டு மரங்களை வளர்த்துக்கொள்ள வேண்டும்.

4. அகற்றிய இடத்தை வெறுமையாக விட்டால் பார்த்தீனியமோ உண்ணியோ வந்து பற்றும். உடனே பயிரிடுதல் அல்லது மரம் வைத்தல் வேண்டும். இப்பிரதேசத்து மண்ணுக்கு உரியவை பாலை, வீரை, காசான், உசில், காரை, களா, வேம்பு, பனை முதலியன. இவை கடற்கரையோரத்து வறண்ட பசுங்காட்டுக்கு உரிய மரங்கள். புதுச்சேரிக்கு அருகில் புத்துப்பட்டு ஐயனார் கோயிற்காட்டில் இத்தகைய காடு இன்றும் நிற்பதைக் காணலாம். ஆரோவில்லில் 1968-ம் வருஷத்துக்குப்பின் மண்ணரித்த செம்மண் மேட்டில் இம்மரங்களை வைத்தே காடு வளர்த்திருக்கிறார்கள்.

5. முள்வேலிக் கம்பிக்குப் பதிலாக, அல்லது கம்பியோடு சேர்த்து, கிளுவை, களா, நொச்சி, ஆடாதோடை ஆகியவற்றால் உயிர்வேலி அமைக்கலாம். ஒருவர் வேலி மற்றவர் வேலியைத் தொட்டுச் செல்லுமாறு அண்டை நிலத்தார் பேசிக்கொண்டால், ஏரிக்கரைக்கும் காட்டுக்கும் செலவில்லாமல் ஒரு பாதை அமைந்துவிடும். பனங்கொட்டையை ஆவணி, புரட்டாசி மாதங்களில் வரப்போரங்களில் ஊன்றலாம்.

6. எலிக்கு நஞ்சு வைப்பதைக் கூடியமட்டும் குறைக்க வேண்டும். நஞ்சுண்ட எலியைத் தின்ற ஆந்தையும் மடியும். நெல் வயலில் ஏக்கருக்கு 15 முதல் 20 வரை பறவைத் தாங்கிகளை நட்டால் ஆந்தைகள் இரவில் வந்தமர்ந்து எலி பிடிக்கும். கதிர் பால்பிடித்தபின் தாங்கிகளை எடுத்துவிட வேண்டும். இல்லையேல் தானியம் தின்னும் பறவைகள் பகலில் அவற்றைப் பயன்படுத்திக்கொள்ளும்.

7. ஆகாயத்தாமரையைப் பூக்குமுன், கோடையில் நீர் வற்றியிருக்கும்போது வாரி, கரைக்கு அப்பால் குவித்து மக்கவைக்க வேண்டும். கரையோரத்தில் போட்டால் முதல் மழையில் ஏரிக்கே திரும்பும். பண்ணைக்குட்டைகளில் அரசினரால் தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்த்தல் கூடாது. வெள்ளத்தில் அது ஏரிக்குத் தப்பிச் சென்று நாட்டு மீன்களைத் தின்றுவிடும்.

கிராம அதிகாரிகள் கவனிக்க வேண்டியவை

கிராமக் கணக்கில் வாய்க்கால் என்றும், மேய்க்கால் புறம்போக்கு என்றும், ஏரி உள்வாய் என்றும் எழுதப்பட்டவை வெறும் சர்வே எண்கள் அல்ல. அவை நீர் செல்லும் வழிகளும் ஜீவன்கள் செல்லும் வழிகளும் ஆகும். கர்ணம், மணியக்காரர் பதவிகள் 1980-ம் வருஷத்தில் நீக்கப்பட்டு, அவர்களுடைய கணக்குகள் கிராம நிர்வாக அலுவலரிடம் வந்திருக்கின்றன. அவற்றிலுள்ள பழைய அளவுகளை நிலத்தில் உள்ள அளவுகளோடு வருஷத்துக்கு ஒருமுறையேனும் ஒப்பிட்டு, குறுகிய இடங்களைக் குறித்து மேலதிகாரிகளுக்கு அறிவித்தல் வேண்டும். கட்டடம் எழும்பிய பின்னர் எழுதும் அறிக்கையைவிட, அடிக்கல் நடுமுன் எழுதும் ஒரு வரி மேலானது.

சீமைக் கருவேலத்தை அகற்றுமாறு 2017-ம் வருஷத்தில் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. 2022-ம் வருஷத்தில் அந்நியக் களைகளை அகற்றி நிலத்தைப் பழைய நிலைக்கு மீட்பதற்கென மாநில அரசு ஒரு கொள்கையை வெளியிட்டது. ஊராட்சிகள் புறம்போக்கிலுள்ள மரங்களை ஏலம்விடும்போது, தூரோடு எடுப்பதையும் மறு நடவு செய்வதையும் ஏல நிபந்தனையில் சேர்க்க வேண்டும். வெறும் விறகுக்காக ஏலம் எடுத்தவர், அடுத்த ஏலத்துக்கும் மரம் இருக்க வேண்டுமென்று தூரை விட்டுச் செல்வது இயல்பு. விறகு வெட்டிப் பிழைக்கும் குடும்பங்களுக்கு நாற்று வளர்க்கும் வேலையையும் காவல் வேலையையும் கொடுத்தால் அவர்களே மறு நடவுக்குத் துணையாவார்கள். பனையை வெட்டுவதற்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி அவசியமாக்கப்படும் என்று 2021-ம் வருஷத்து வேளாண்மை நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டதையும் ஊராருக்கு எடுத்துரைத்தல் வேண்டும். காப்புக்காட்டின் எல்லைக்குள் எந்த வேலையும் வனச்சரக அலுவலரின் அனுமதியின்றிச் செய்யலாகாது.

முடிவுரை

கோவிலம்பாக்கத்தில் வயல் இருந்த இடத்தில் இன்று வீடுகள் இருக்கின்றன. அங்கே குடியேறியவர்கள்மீது குறை சொல்வதற்கில்லை. விளைச்சலைவிட மனைவிலை பன்மடங்கு மிகுந்தபோது நிலத்தை விற்றவர்களையும் எளிதில் குறைகூற இயலாது. ஆனால் அப்பக்கத்தில் நிகழ்ந்தது வண்டலூருக்குத் தெற்கே, செங்கற்பட்டு, மதுராந்தகம் பக்கங்களில் இன்னும் முழுவதும் நிகழ்ந்துவிடவில்லை. அங்கே காடுகளுக்கும் ஏரிகளுக்கும் இடையில் வயல்கள் இருக்கின்றன. வாய்க்கால்களில் நீர் ஓடுகிறது. பனை வரிசைகள் நிற்கின்றன. நன்மங்கலத்தைச் சுற்றி எதை எதை விட்டுவைத்திருக்கலாம் என்று இப்போது கணக்கிடுகிறார்களோ, அவை யாவும் அவ்வூர்களில் இன்னும் இருக்கின்றன. நிலத்தை விற்பதா வைத்திருப்பதா என்பது அவரவர் குடும்ப நிலையைப் பொறுத்தது. வைத்திருக்கும்வரை வேலியை உயிர்வேலியாகவும், வாய்க்காலைத் திறந்த வாய்க்காலாகவும் காப்பது எல்லாராலும் ஆகக்கூடியதே. விற்க நேரினும், வாய்க்காலையும் ஏரி உள்வாயையும் பத்திரத்தில் தெளிவாகக் குறித்து விலக்கி விற்பது சட்டத்துக்கும் தர்மத்துக்கும் பொருந்தும். வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன், ஒவ்வொரு கிராமத்திலும் நிலமுடையோரும் அலுவலர்களும் ஒருநாள் கூடி, வரைபடத்தைக் கையில் கொண்டு ஏரி முதல் கடைமடைவரை நடந்து பார்த்து வருவார்களாயின், செய்ய வேண்டிய வேலை எது என்பது அவர்களுக்கே புலப்படும். விதைகளும் நாற்றுகளும் சம்பந்தமான விவரங்களை அந்தந்த வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டுப் பெறலாம்.